மூடி போட்ட நெருப்பு

எழுபது ஆண்டுகளைக் கடந்தும் கறுப்பு உருண்டைக்கு மவுசு குறையவில்லை. கரியில் வேகும் கெட்டில் கிரில்லின் கதையும் கணக்கும்

மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை அமெரிக்காவில் மெமோரியல் டே. போரில் உயிர்விட்டவர்களை நினைக்கும் விடுமுறை நாள். வீட்டுக் கொல்லையில் கரி மூட்டும் பருவம் தொடங்குவதும் வழக்கத்தில் அன்றுதான். அதற்குச் சில வாரங்கள் முன்பே பெரிய வன்பொருள் கடைகளின் வாசலில் கிரில்கள் வரிசைகட்டிவிடும். முன்னால் பளபளக்கும் கேஸ் கிரில்கள்: ஆறு பர்னர், பக்கவாட்டில் தனியாக ஒரு அடுப்பு. அடுத்து, மரத்தூள் குச்சிகளைத் தானே ஊட்டிக்கொள்ளும் பெல்லட் கிரில்கள். சோபாவில் சாய்ந்தபடி செல்போனிலேயே சூட்டைக் கூட்டலாம், குறைக்கலாம். விலை ஆயிரம் டாலரைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். இவற்றுக்கெல்லாம் பின்னால், ஓரமாக, மூன்று கால்களில் ஒரு கறுப்பு உருண்டை நிற்கும். இரண்டு உருளிகளை வாயோடு வாய் சேர்த்து வைத்த வடிவம். மின்சாரம் வேண்டாம், சிலிண்டர் வேண்டாம். அடிப்படை மாடல் 200 டாலருக்குள் முடிந்துவிடும்.

அதுதான் கெட்டில் கிரில். 1952-இல் செய்த முதல் உருண்டையை எடுத்து வந்து இன்றைய மாடலுக்குப் பக்கத்தில் வைத்தால், இரண்டும் ஒரே பொருள் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். ரேடியோ, டிவி, டெலிபோன், குளிர்பெட்டி என அந்தக் காலத்து வீட்டுச் சாமான்கள் எல்லாம் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டன. இது மட்டும் ஏன் அப்படியே நிற்கிறது?

பழசின் மேல் உள்ள பாசம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாசத்துக்காக ஒரு பொருளைப் பரணில் வைத்திருப்பார்கள்; வாராவாரம் அதில் சமைத்துச் சாப்பிடமாட்டார்கள்.

மிதவையில் பிறந்தது

சிகாகோவில் வெபர் பிரதர்ஸ் மெட்டல் ஒர்க்ஸ் என்றொரு உலோகப் பட்டறை. ஏரியில் கப்பல்களுக்கு வழிகாட்ட மிதக்கவிடும் இரும்பு மிதவைகளும் அங்கே தயாராகின. தகட்டை அழுத்தி அரைக்கோளங்களாக்கி, இரண்டு அரைக்கோளங்களைச் சேர்த்துப் பற்றவைத்தால் ஒரு மிதவை. அங்கே வேலை பார்த்தவர் ஜார்ஜ் ஸ்டீபன். பன்னிரண்டு பிள்ளைகள் பெற்ற குடும்பஸ்தர். இறைச்சி சுடுவதில் தீராத ஆசை உள்ளவர்.

இரண்டாம் உலகப்போர் முடிந்து, நகரங்களை ஒட்டிப் புறநகர் வீடுகள் மளமளவென்று எழுந்த நேரம் அது. ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் ஒரு புல்தரை. புல்தரை வந்ததும் அங்கே சமைக்கும் ஆசையும் வந்துவிட்டது. ஆனால் அன்றைக்குக் கிடைத்த கிரில், கால் வைத்த தட்டையான தாம்பாளம்தான். மேலே கம்பி வலை, கீழே கரி, நாலு பக்கமும் திறப்பு. காற்றடித்தால் சாம்பல் பறந்து இறைச்சியில் ஒட்டும். தூறல் விழுந்தால் கரி அணையும். கொழுப்பு சொட்டினால் குப்பென்று தீ எழும்பி, வெளியே கருகி உள்ளே பச்சையாகக் கிடக்கும். சிகாகோவின் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கண்முன்னே உருண்டுகொண்டிருந்த அரைக்கோளங்களைப் பார்த்து ஸ்டீபனுக்கு ஒரு யோசனை தட்டியது. ஒன்றைச் சட்டியாக்கிக் கால் வைத்தார். மற்றொன்றுக்குக் கைப்பிடி வைத்து மூடியாக்கினார். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கரியை மூட்டி மூடியைப் போட்டார்; நெருப்பு அணைந்துவிட்டது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர், காற்று புகுந்தால்தானே எரியும் என்று சொல்ல, உருண்டையில் துளைகள் போட்டார்கள் என்பது அந்த நிறுவனம் காலங்காலமாகச் சொல்லிவரும் கதை. அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு சிலை வைத்திருக்க வேண்டும். கெட்டில் கிரில்லின் உயிரே அந்தத் துளைகளில்தான் இருக்கிறது.

'ஜார்ஜின் பார்பிக்யூ கெட்டில்' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. 1957-இல் சோவியத் ரஷ்யா ஸ்புட்னிக்கை விண்ணுக்கு அனுப்பியதும், உருண்டையும் காலுமாக நின்ற இந்தக் கிரில்லுக்கு ஊரார் வைத்த பட்டப்பெயரும் ஸ்புட்னிக். 50-களின் முடிவில் ஸ்டீபன் பட்டறையின் பார்பிக்யூ பிரிவைத் தனியே விலைக்கு வாங்கி வெபர்-ஸ்டீபன் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்றைக்கு உருண்டை கிரில் என்றாலே வெபர் என்று ஆகிவிட்டது.

கார் கம்பெனி விற்ற கரி

அடுப்பின் கதையைச் சொல்கிறவர்கள் கரியின் கதையை விட்டுவிடுகிறார்கள். அது இதைவிடச் சுவையானது.

ஹென்றி ஃபோர்டின் மாடல் டி காரில் மரம் நிறையவே உண்டு. அந்த மரத்துக்காக மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில், அயர்ன் மவுண்டன் அருகே ஃபோர்டு காடு வாங்கினார், மர ஆலை கட்டினார். நிலம் பார்த்துக் கொடுத்தவர் எட்வர்ட் கிங்ஸ்ஃபோர்ட். ஃபோர்டின் உறவுப் பெண்ணை மணந்தவர். ஆலையில் மரத்துண்டும் தூளும் மலையாகக் குவிந்தன. எதையும் வீணாக்கப் பொறுக்காத மனிதர் ஃபோர்டு. ஒரேகான் பல்கலைக்கழக வேதியியலாளர் ஒரின் ஸ்டாஃபோர்ட் உருவாக்கிய முறை கைகொடுத்தது: மரக்கழிவைக் கரியாக்கிப் பொடித்து, மாவுப் பசையில் பிசைந்து, அச்சில் அழுத்தித் தலையணை வடிவக் கட்டிகளாக்கினார்கள். பிரிக்கெட் எனப்படும் இந்த வகைக் கட்டிக்கு 1897-லேயே பென்சில்வேனியாவைச் சேர்ந்த எல்ஸ்வொர்த் ஸ்வோயர் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் அதைச் சாதாரண வீடுகளுக்குக் கொண்டுபோனது ஃபோர்டுதான். கார் விற்கும் ஏஜென்சிகளிலேயே கரி மூட்டையும் சின்னப் பிக்னிக் அடுப்பும் வைத்து விற்றார்கள். கார் வாங்கினால் ஊர் சுற்றுவாய், ஊர் சுற்றினால் பசிக்கும், இந்தா அடுப்பு என்ற வியாபாரப் புத்தி.

1951-இல் ஃபோர்டு கம்பெனி அந்தக் கரித் தொழிலைக் கைமாற்றியது. வாங்கியவர்கள் கிங்ஸ்ஃபோர்ட் என்று பெயரை மாற்றிப் பலசரக்குக் கடைகளுக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த வருடமே ஸ்டீபனின் உருண்டை. ஒரே அளவில், ஒரே எடையில், ஒரே வேகத்தில் எரியும் கரிக்கட்டி கடையில் கிடைத்ததால்தான், இத்தனை கட்டி போட்டால் இவ்வளவு சூடு என்று சாதாரண வீட்டுக்காரரால் கணக்குப் போட முடிந்தது. மூடி பாதி, கட்டி பாதி. மரத்துண்டு வடிவிலேயே இருக்கும் அசல் கரி இன்னும் சூடாக எரியும், சாம்பலும் குறைவு. ஆனால் ஒரு துண்டு முழங்கை நீளம், இன்னொன்று கோலிக்குண்டு அளவு. நீண்ட நேரச் சமையலுக்குக் கட்டியே மேல் என்பது என் கட்சி.

எல்லாம் காற்றுக் கணக்கு

கேஸ் அடுப்பில் எரிபொருளைக் கூட்டிக் குறைத்துச் சூட்டை ஆள்கிறோம். கரியில் அது நடக்காது. எரியத் தொடங்கிய கங்கை யாராலும் திருகிக் குறைக்க முடியாது. அதற்குப் போகும் காற்றைத்தான் குறைக்கலாம்.

கெட்டிலின் அடிச்சட்டியில் காற்றுத் துளைகள், மூடியின் உச்சியில் ஒரு துளைக்கூட்டம். கங்குக்கு மேல் சூடேறிய காற்று எழும்பி மூடித் துளை வழியாக வெளியேறும்; அந்த இடத்தை நிரப்பக் கீழ்த்துளை வழியாகப் புதுக்காற்று உள்ளே இழுக்கப்படும். கீழ்த்துளை வாசல், மேல்துளை புகைபோக்கி. பழகியவர்கள் மேல்துளையைத் திறந்தே வைத்துவிட்டு, கீழ்த்துளையின் தகட்டை மட்டும் கடுகளவு நகர்த்தி நகர்த்தி வேலை பார்ப்பார்கள். இரண்டையும் முழுக்கத் திறந்து நிறையக் கரி போட்டால் உள்ளே 260 டிகிரி செல்சியஸைத் தாண்டும். கொஞ்சமாகக் கரி போட்டுக் கீழ்த்துளையை ஒரு கீற்றளவு விட்டால் 110 டிகிரியில் மணிக்கணக்காக நிற்கும். வேலை முடிந்ததும் இரண்டையும் அடைத்துவிட்டால் காற்றில்லாமல் நெருப்பு தானே அணையும். மிச்சக் கரி அடுத்த சமையலுக்கு ஆகும்.

இந்தச் சூத்திரம் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து ஆட்களுக்குப் புதிதல்ல. அங்கே சீமைக் கருவேல விறகை அடுக்கி, மேலே தழை பரப்பி, ஈரமண் பூசி மூட்டம் போடுகிறார்கள். ஓரிடத்தில் தீ வைத்து, மண்ணில் துளை விட்டுக் காற்றை அளந்து கொடுப்பார்கள். காற்று அதிகமானால் விறகு சாம்பலாகும். குறைந்தால் வேகாத கட்டை. வெளிவரும் புகையின் நிறத்தைப் பார்த்தே உள்ளே நடப்பதைச் சொல்லிவிடும் மூட்டக்காரர்கள் உண்டு. இன்னொரு சுவாரசியம்: டெக்சாஸ்காரர்கள் பெருமையாகச் சொல்லும் மெஸ்கீட் புகை, நாம் வேரோடு பிடுங்கப் போராடும் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவுக்கார மரத்திலிருந்து வருவதுதான். அங்கே அது பையில் அடைத்து விலைக்கு வருகிறது.

மூடியின் வளைவுக்கும் வேலை உண்டு. திறந்த கிரில்லில் கீழிருந்து வரும் அனல் மட்டுமே இறைச்சியைத் தாக்கும். மூடி போட்டதும் சூடான காற்று வளைவில் தட்டித் திரும்பி மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் வேகவைக்கும். திறந்த நெருப்பு அந்தக் கணமே ஓர் அடுப்புப் பெட்டியாகிவிடுகிறது. கொழுப்பு சொட்டி எழும் தீயும் மூடிக்குள் அடங்கிப்போகும். அது எரிய அங்கே காற்று மிஞ்சாது. உள்ளும் புறமும் பூசியிருப்பது பெயின்ட் கிடையாது. இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடிப் பொடியைத் தூவி 800 டிகிரிக்கு மேல் சுட்டெடுத்த எனாமல். அதனால் மழையில் கிடந்தாலும் எளிதில் துருப்பிடிக்காது. சில மாதங்களில் மூடியின் உட்புறத்தில் கறுப்பாகச் செதில் உரியும். பெயின்ட் உதிர்ந்து சாப்பாட்டில் விழுகிறது என்று பலர் பதறுவார்கள். அது புகையும் கொழுப்பும் படிந்து கரியான படலம். தேய்த்துத் துடைத்தால் போகும்.

முழுக்கோழி ஒன்று

இதன் திறமையைப் பார்க்க ஒன்றரைக் கிலோ எடையுள்ள முழுக்கோழி போதும். மாட்டிறைச்சிப் பக்கம் போகாதவர்களுக்கும் அது பொது.

முதலில் கரி. சிம்னி ஸ்டார்ட்டர் என்ற தகர உருளையில் கட்டிகளை நிரப்பி, அடியில் இரண்டு தாள் செய்தித்தாளைக் கசக்கி வைத்துப் பற்றவைத்தால் போதும். பதினைந்து இருபது நிமிடத்தில் மேல்கட்டி வரை நெருப்பு ஏறிவிடும். மண்ணெண்ணெய் வகையறா திரவத்தைக் கரியில் ஊற்றிக் கொளுத்துகிறவர்களின் கோழியில் பெட்ரோல் பங்க் வாசனை வரும். தயவுசெய்து வேண்டாம். மேல்கட்டிகளின் விளிம்பில் நீறு பூக்கத் தொடங்கியதும் கொட்டலாம்.

கொட்டும் இடம்தான் சூட்சுமம். சட்டியின் இரண்டு பக்கமும் கங்கை ஒதுக்கி, நடுவில் ஒரு தட்டு வைக்க வேண்டும். கம்பி வலையைப் போட்டு, தட்டுக்கு நேர்மேலே கோழி. இப்போது கோழிக்கு அடியில் நெருப்பு இல்லை. சொட்டும் கொழுப்பு தட்டில் விழும். மூடியைப் போட்டு, மேல்துளை முழுக்கத் திறந்து, கீழ்த்துளை பாதிக்கு மேல் திறந்து வைத்தால் 190 டிகிரி அளவில் நிற்கும்.

அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இதுதான் கடினம். ஒவ்வொரு தரம் மூடியைத் திறக்கும்போதும் உள்ளே சேர்ந்த சூடு போய்விடும். கூடவே கங்குக்கு ஏகப்பட்ட காற்றும் கிடைத்து அடுத்த சில நிமிடங்களுக்கு அது துள்ளும். ஐம்பது நிமிடம் திறக்காமல் இருந்தால், திறக்கும்போது தோல் எலுமிச்சை மஞ்சளைத் தாண்டி, பழுப்பேறி, காலெலும்பு முனையில் லேசாகச் சுருங்கியிருக்கும். இறக்கைக் குழியில் கொழுப்பு நுரைத்துக்கொண்டிருக்கும். தொடையின் தடித்த பகுதியில் வெப்பமானி 75 டிகிரிக்கு மேல் காட்ட வேண்டும். அதற்கு மொத்தம் ஒரு மணியிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் ஆகலாம். மூடியில் பதித்த வெப்பமானியை மட்டும் நம்ப வேண்டாம். அது உச்சியில் தேங்கும் காற்றை அளக்கிறது; கோழி இருப்பது கம்பி மட்டத்தில். இரண்டுக்கும் பதினைந்து இருபது டிகிரி வித்தியாசம் சகஜம்.

நம் ஊர் மசாலாவுக்கு இந்த முறை பொருந்தும் அளவு, நேர் நெருப்பு பொருந்தாது. தயிர், மிளகாய்த்தூள், மல்லித்தூள் பூசிய கோழியை நேராகத் தணலில் வாட்டினால் மசாலா கருகிக் கசந்துவிடும். பக்கவாட்டு அனலில் வைத்து, கடைசி ஐந்து நிமிடம் மட்டும் கங்குக்கு மேலே நகர்த்தினால் மணமும் நிற்கும், கரும்புள்ளியும் கிடைக்கும். சிகாகோவிலும் மெல்பர்னிலும் தமிழ்க் குடும்பங்கள் தங்கள் கொல்லைகளில் கண்டுகொண்ட வழி இது. கோழி ஓய்வெடுக்கும் நேரத்தில் மிச்சத் தணலில் இரண்டு கத்தரிக்காயைப் போட்டால் கொத்சுக்கு ஆயிற்று.

பாம்பு, பீட்சா, வான்கோழி

ஓரிடத்தில் கரி, இன்னோரிடம் காலி. கெட்டிலின் எல்லா வித்தைகளும் இந்த ஓர் ஏற்பாட்டிலிருந்து கிளைத்தவை. கரியை எங்கே வைக்கிறோம் என்பதை மாற்றினால் அடுப்பே வேறாகிவிடும்.

கட்டிகளைச் சட்டியின் சுவரை ஒட்டி அரைவட்டமாக, கீழே இரண்டு மேலே இரண்டு என அடுக்கி, ஒரு முனையில் மட்டும் நெருப்பு வைப்பது ஒரு முறை. பாம்பு என்றே பெயர். நெருப்பு ஒரு கட்டியிலிருந்து அடுத்த கட்டிக்கு மெல்ல ஊர்ந்து போகும். இடையிடையே ஹிக்கரி அல்லது ஆப்பிள் மரத்துண்டு வைத்தால் புகையும் தவணை முறையில் வரும். எட்டு மணி நேரத்துக்கு மேல் 110, 120 டிகிரியில் நிற்கும். மாட்டின் நெஞ்சுப்பகுதியான ப்ரிஸ்கெட்டை டெக்சாஸ்காரர்கள் பெரிய இரும்புப் புகையடுப்புகளில் இரவெல்லாம் வேகவைப்பார்கள். அதை வீட்டுக் கொல்லையில் இந்தப் பாம்பு செய்துகொடுக்கும்.

அதில் புதியவர்களைப் பதறவைக்கும் ஒரு கட்டம் வரும். இறைச்சியின் உள்வெப்பம் சீராக ஏறிக்கொண்டே வந்து 65, 70 டிகிரியில் சட்டென்று நின்றுவிடும். ஒரு மணி, இரண்டு மணி, சில சமயம் நாலு மணி நேரம் முள் அசையாது. கரி தீர்ந்துவிட்டதா, வெப்பமானி பழுதா என்று தவிப்பார்கள். இரண்டும் இல்லை. இறைச்சி வியர்க்கிறது. மேற்பரப்பில் கசியும் ஈரம் ஆவியாகும்போது குளிர்ச்சி உண்டாகி, வரும் சூட்டுக்குச் சரிசமமாக நின்றுவிடுகிறது. ஈரம் குறைந்தபின் முள் தானாக ஏறும். அவசரக்காரர்கள் காகிதத்திலோ அலுமினியத் தாளிலோ சுற்றிவிடுவார்கள். ஆவி போக வழி இல்லாததால் வெப்பம் ஏறிவிடும். 95 டிகிரிக்குப் பக்கத்தில் தசைநார்களின் கொலாஜன் கரைந்து, கத்தி வெண்ணெயில் போவதுபோல இறங்கும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். பீட்சா கல்லை வைத்துக் காற்றை முழுக்கத் திறந்தால் வீட்டு அவனை மிஞ்சும் சூடு. சுழலும் கம்பியைப் பொருத்த வளையம் கிடைக்கிறது. எரியும் சிம்னியின் வாயிலேயே வாணலியை வைத்துச் சீனக்கடை வேகத்தில் கீரை வதக்குகிறவர்கள் உண்டு. நவம்பரில் நன்றி நவிலல் நாளன்று, சமையலறை அவனில் பலகாரங்கள் இடத்தை அடைத்துக்கொள்ள, வான்கோழி பனிக்குளிரில் வெளியே கெட்டிலுக்குள் வேகும். ஆஸ்திரேலியாவில் கிறிஸ்துமஸ் கோடையில் வருகிறது. வீட்டுக்குள் அடுப்பு மூட்டி வியர்க்காமல் பன்றித்தொடையை வெளியே கெட்டிலில் வைத்துவிட்டுப் பந்து விளையாடப் போகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் இதற்குக் கொஞ்சம் எதிர்ப்பு உண்டு. விறகு எரித்து, அந்தக் கங்கில், திறந்த வெளியில் சுடுவதுதான் பிராய் என்பவர்களுக்கு மூடி என்றாலே முகம் சுளிக்கும். ஆனாலும் கெட்டில் அங்கேயும் நிறைய வீடுகளில் இருக்கிறது.

கேஸ் ஜெயித்தது, கரி தோற்கவில்லை

1985 கிரில் உலகில் திருப்புமுனையான வருடம். வெபர் நிறுவனமே ஜெனிசிஸ் என்ற கேஸ் கிரில்லைக் கொண்டுவந்தது அந்த வருடம்தான். ஒரேகானில் ஜோ ட்ரேகர் பெல்லட் கிரில்லை வடிவமைத்ததும் அதே வருடம். கேஸ் கிரில் பொத்தானை அழுத்தினால் எரியும், சாம்பல் அள்ள வேண்டாம், அலுவலகம் விட்டு வந்து பத்து நிமிடத்தில் சமைக்கலாம். 90-களிலேயே அமெரிக்க விற்பனையில் கரியை அது முந்திவிட்டது. அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. வாரநாள் இரவு ஏழரை மணிக்கு யாருக்குக் கரி மூட்டப் பொறுமை இருக்கும்?

கரிக்குத் தனி ருசி என்று சத்தியம் செய்கிறவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று. நன்றாக நீறு பூத்த கரியில் ருசியோ மணமோ அதிகமில்லை. மரத்தின் வாசனைப் பொருள்கள் எல்லாம் கரியாகும்போதே போய்விட்டன. நாம் கிரில் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு, சொட்டும் கொழுப்பும் சாறும் சூட்டில் ஆவியாகித் திரும்ப இறைச்சியில் படிவதால் வருவது. கேஸிலும் அது உண்டு. கரியின் உண்மையான பலம் வேறு. சிவந்த கங்கு வீசும் அனல் கடுமையானது. எரியும்போது கேஸ் நீராவியை உண்டாக்கும், கரியில் அது மிகக் குறைவு. அதனால்தான் தோல் மொறுமொறுப்பாகிறது. புகை வேண்டுமானால் மரத்துண்டு போட வேண்டும், அதுவும் அளவாக. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீலமாக மெலிந்து போகும் புகை நல்லது. வெள்ளையாகக் குபுகுபுவென்று வந்தால் இறைச்சி கசக்கும்.

கெடுதல் பக்கத்தையும் மறைக்கக் கூடாது. கொழுப்பு கங்கில் விழுந்து எழும் புகையிலும், கருகிய இறைச்சியிலும் புற்றுநோய்க்கு வழிசெய்யக்கூடிய சேர்மங்கள் உண்டு. கொழுப்பைத் தட்டில் பிடிக்கும் பக்கவாட்டு முறையும், ஊறவைத்த மசாலாவும், அடிக்கடி திருப்பிப் போடுவதும் அதைக் குறைக்கும். அதைவிட உடனடி ஆபத்து கார்பன் மோனாக்சைடு. நிறமும் வாசனையும் இல்லாத விஷவாயு. காற்றைக் குறைத்து எரியும் கரியில் அது இன்னும் அதிகம் வரும். அமெரிக்காவில் பல நகரங்களில், தீ விபத்துக்குப் பயந்து, அடுக்குமாடி பால்கனிகளில் கரி கிரில் வைக்கவே தடை இருக்கிறது. கொடைக்கானல் போன்ற குளிர் ஊர்களில், பார்பிக்யூ முடித்த கரியடுப்பைக் கதகதப்புக்காக அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்திகள் நம் நாளிதழ்களிலும் வந்திருக்கின்றன. கரி அடுப்பின் இடம் திறந்தவெளி மட்டுமே. சாம்பல் பூத்து அணைந்ததுபோலத் தோன்றினாலும் அதுதான் விதி.

இவ்வளவு தொல்லைக்குப் பிறகும் ஏன் வாங்குகிறார்கள் என்றால், என் கணிப்பு இது. பெல்லட் கிரில் உங்களுக்காகச் சமைக்கிறது. கேஸ் கிரில் உங்கள் நேரத்தை மிச்சப்படுத்துகிறது. கெட்டில் இரண்டையும் செய்யாது. தகட்டை எவ்வளவு நகர்த்துவது, கரியை எப்போது சேர்ப்பது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை எல்லாம் உங்களிடமே விட்டுவிடும். அந்தக் கைப்பழக்கம் வந்தவருக்கு அதை இயந்திரத்திடம் ஒப்படைக்க மனம் வருவதில்லை. பெரிய கேஸ் கிரில் வைத்திருப்பவர்கள் பலரின் கொல்லையில் ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு கெட்டிலும் நிற்பதைக் காணலாம்.

கெட்டுப்போக அதில் அதிகமாக எதுவும் இல்லாததும் ஒரு காரணம். கேஸ் கிரில்லில் பர்னர் அரிக்கும், பற்றவைக்கும் பொறி பழுதாகும், ரெகுலேட்டர் மாற்ற வேண்டும். பெல்லட் கிரில்லில் மோட்டாரும் மின்சுற்றும் போகும். கெட்டிலில் அடிக்கடி போவது கம்பி வலைதான். சாம்பலைத் தள்ளும் அடித்தகடு எப்போதாவது துருப்பிடிக்கும். இரண்டும் உதிரியாகக் கிடைக்கின்றன; நடுத்தர அளவான 57 சென்டிமீட்டர் கெட்டில் பல பத்தாண்டுகளாக அதே அளவில் வருவதால், பழைய சட்டிக்குப் புதிய வலை பொருந்திவிடும். வெபர் நிறுவனம் பல கை மாறிவிட்டது: ஸ்டீபன் 1993-இல் இறந்தார், 2010-இல் குடும்பம் பெரும்பங்கை ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது, 2021-இல் பங்குச்சந்தைக்குப் போய் 2023-இல் திரும்பி வந்தது. இதில் எதுவும் உருண்டையைத் தொடவில்லை.

பழைய கெட்டில்களைச் சேகரிக்கும் கூட்டம் ஒன்றும் அமெரிக்காவில் உண்டு. மூடித்துளையின் தகட்டில் பொறித்த எழுத்தைப் பார்த்து எந்த வருடத்துப் பொருள் என்று சொல்லிவிடுவார்கள். கறுப்புக்கு மதிப்புக் குறைவு. சிவப்பு, நீலம், பச்சை, பழுப்பு என்றால் பல மைல் காரோட்டிப் போவார்கள். வீடு காலி செய்கிறவர்கள் தெருவோரம் வைத்துவிட்டுப் போன உருண்டையைத் தூக்கி வந்து, கம்பி நாரால் தேய்த்து, அன்று மாலையே அதில் கோழி வைக்கிறார்கள். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் வெளிப்பளபளப்பைப் பார்க்க வேண்டாம். மூடி சட்டியின் வாயில் இடைவெளியில்லாமல் உட்காருகிறதா, கீழ்த்துளைத் தகடு கையோடு நகர்கிறதா, அடியில் துரு ஓட்டை இருக்கிறதா என்று மூன்றை மட்டும் பாருங்கள். கால் ஆடினால் பரவாயில்லை, தட்டி இறுக்கிவிடலாம்.